கையெழுத்து மறப்பதற்கு முன்

கும்பகோணத்தில் நமக்குக் கணக்குக் கற்பித்த வாத்தியார் ஒருவர் உண்டு. மாகாணி, அரைக்கால் வாய்பாடுகளெல்லாம் வழக்கொழிந்து எத்தனையோ வருஷங்களான பிறகும் அவற்றை விடாமல் சொல்லிக்கொண்டிருந்த கடைசி மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். ஏழே கால் வட்டியில் பதினேழு மாதத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டால், கேட்டவன் வாயை மூடுவதற்குள் விடை வந்துவிடும். அப்படிப்பட்டவரைச் சில வருஷங்களுக்கு முன் ஒரு பாங்கியில் கண்டோம். சலவை வேஷ்டி, நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் பழைய மைப் பேனா எல்லாம் வழக்கம் போலவே இருந்தன. மேஜை மேல் ஒரு விண்ணப்பத் தாள். கையொப்பமிட வேண்டிய இடத்தில் தம் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை முத்துப் போல் எழுதினார். ஒரு புள்ளி வைத்தார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. பக்கத்திலிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்து, "யார் பெயரை எழுதச் சொல்லுகிறார்கள்?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

அந்த அம்மாள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. தாளை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு மானேஜரிடம் சென்று, தம் கணவர் பெயரிலுள்ள டிபாஸிட்டுக்குத் தாமே நாமினி என்றும், வைத்தியச் செலவுக்காக அதிலிருந்து கொஞ்சம் எடுக்க வேண்டும் என்றும் தெரிவித்தார். நாமினிக்கு உரிமை வருவது அவர் காலத்துக்குப் பிறகுதான் என்று மானேஜர் தயக்கத்துடன் சொன்னார்.

"அப்படியானால் அவர் உயிரோடு இருக்கிற வரையில் அவருடைய பணம் அவருக்கு உதவாதா, ஸார்?"

இந்தக் கேள்விக்கு மானேஜரிடம் விடை இல்லை. அவர் நல்ல மனிதர். நாற்காலி கொடுத்தார், தண்ணீர் வரவழைத்தார். ஆனால் நற்குணத்தினால் டிபாஸிட்டை உடைக்க முடியாது. உண்மை என்னவென்றால், நம் நாட்டுச் சட்டத்திலேயே இந்தக் கேள்விக்கு நேரான விடை இல்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் நமக்கு இது தெரியாது. பின்னர் அந்தக் குடும்பத்துடன் வக்கீல் வீட்டுக்கும் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கும் அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். நாம் வக்கீல் அல்ல, பள்ளிக்கூட உபாத்தியாயர். ஆகவே, இதை வக்கீலின் யோசனையாக அல்லாமல், வக்கீலிடம் போகுமுன் தெரிந்திருக்க வேண்டிய பாலபாடமாக வாசகர்கள் கொள்ள வேண்டும்.

இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கும் அபூர்வ சங்கதி என்று நினைப்பதற்கில்லை. நம் தேசத்தில் முதியோரைப் பற்றி நடத்திய பெரியதோர் ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயால் பீடிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது அதன் மதிப்பு. ஜெர்மன் வைத்தியரான அல்ஸைமர் 1906-ல் இந்நோயின் ஒரு வகையைப் பற்றி வைத்தியர்கள் சபையில் எடுத்துரைத்தார். அதனால் அந்த வகைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நம் வீடுகளிலோ அதற்கு இன்றும் "வயசாகிவிட்டது" என்றுதான் பெயர். அப்படிச் சொல்லித்தான், காரியம் ஆகக்கூடிய முதல் இரண்டு மூன்று வருஷங்களை நாம் கோட்டை விடுகிறோம்.

வாத்தியார் வீட்டு விஷயத்துக்கு வருவோம். பாங்கியில் கதவு அடைபட்டதும் அந்தக் குடும்பம் கலங்கிவிடவில்லை. "பவர் இருக்கிறதே!" என்று தைரியமாக இருந்தார்கள். வாத்தியார் நல்ல நினைவோடு இருந்த காலத்தில் தம் மாப்பிள்ளைக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதி, முறைப்படி ரிஜிஸ்தர் செய்து கொடுத்திருந்தார். நம் தாத்தா காலத்துப் பத்திரங்களில் இதையே முக்தியார் நாமா என்று எழுதியிருப்பார்கள். அதைக் கொண்டு திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்த இரண்டு மா நிலத்தை விற்றுவிடலாம், வைத்தியத்துக்கும் ஆள் வைப்பதற்கும் பணம் கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம்.

வக்கீல் பத்திரத்தைப் படித்தார். பத்திரத்தில் குற்றம் ஒன்றுமில்லை என்றார். பிறகு, "வாத்தியார் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். சொன்னார்கள். அவர் பத்திரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவில் இந்த ரகசியம் இருக்கிறது. ஒருவர் தமக்காகக் காரியம் பார்க்க மற்றொருவரை ஏஜண்டாக நியமித்தால், நியமித்தவரோ நியமிக்கப்பட்டவரோ இறந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். இது எல்லோரும் அறிந்தது. அவர்களில் ஒருவர் சித்த சுவாதீனம் இழந்தாலும் அதே கணத்தில் முடிந்துவிடும் என்று அதே பிரிவு சொல்லுவதைத்தான் பலரும் அறிவதில்லை. எஜமானனுக்கே இல்லாத புத்தி ஏஜண்டுக்கு எங்கிருந்து வரும் என்பது பழைய ஆங்கிலச் சட்ட நிபுணர்களின் தர்க்கம். தர்க்கம் என்னவோ சரிதான். ஆனால் மனிதன் பவர் எழுதிக் கொடுப்பது எதற்காக? தன்னால் பார்த்துக்கொள்ள முடியாத காலம் வந்தால் பிறர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தானே? குடையானது வெயிலில் விரிந்து, மழை பெய்தவுடன் தானாகவே மடங்கிக் கொள்ளுமானால் அதை என்னவென்று சொல்வது?

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இந்தத் தர்க்கத்தை நமக்குக் கொடுத்த இங்கிலாந்தே அதைக் கைவிட்டுவிட்டது. மதி தவறிய பின்னும் நீடித்து நிற்கும் அதிகாரப் பத்திரத்துக்கு 1985-ல் அங்கே சட்டம் செய்தார்கள். 2005-ல் இயற்றிய மற்றொரு சட்டத்தினால் அதைத் திருத்தி விரிவாக்கினார்கள். நம்மவர் பலர் குடியேறியிருக்கும் சிங்கப்பூரிலும் 2010 முதல் இந்த ஏற்பாடு அமுலில் இருக்கிறது. அங்கே பிள்ளைகளுடன் வசிக்கும் பெரியவர்கள் இதைச் செய்து வைத்துக்கொள்கிறார்கள். சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் நாம் மட்டும், வெள்ளைக்காரன் தன் வீட்டில் கழித்துக் கட்டிய பழைய சட்டையை விடாமல் உடுத்திக் கொண்டிருக்கிறோம்.

இன்னொரு வழியும் முன்னே இருந்தது, அதுவும் போயிற்று. ஆங்கிலேயர் 1912-ல் இயற்றிய பைத்தியச் சட்டம் என்ற விகாரமான பெயருள்ள சட்டத்தில், மதி இழந்தவரின் சொத்தை நிர்வகிக்க ஜில்லாக் கோர்ட்டு ஒரு மானேஜரை நியமிக்க இடமிருந்தது. 1987-ல் வந்த மனநலச் சட்டமும் அந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டது. பின்னர் வந்த 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமைகளைக் காப்பதில் முன்னவற்றைவிட எவ்வளவோ மேலானது. ஆனால் சொத்து நிர்வாகத்தைப் பற்றிய அந்த அத்தியாயம் மட்டும் அதில் இடம் பெறவில்லை. பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டியபோது கிணற்றைத் தூர்த்துவிட்ட கதைதான்.

அப்படியானால் வாத்தியார் குடும்பம் என்ன செய்தது? வக்கீல் சொல்லிவிட்ட மறுநாளே "வழி" காட்டுவதற்கு ஒருவர் வந்து சேர்ந்தார். ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் இருக்கிறார். "வாத்தியார் பேசினால்தானே தெரியும்? காலையில் குளிப்பாட்டி உட்கார வையுங்கள். கட்டை விரலைப் பிடித்து ரேகை வைத்துவிட்டால் முடிந்தது. மற்றதை நான் பார்த்துக் கொள்கிறேன்" என்றார். வீட்டில் பணமுடை. மாப்பிள்ளை தலை குனிந்து யோசித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் உள்ளேயிருந்து வந்து, "ஐம்பது வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரு மார்க்கு கூட்டிப் போடாத கை இது" என்று மட்டும் சொன்னார். வந்தவர் எழுந்து போய்விட்டார்.

அந்த அம்மாள் மானத்துக்காகச் சொன்ன சொல் சட்டத்துக்கும் ஒத்த சொல்தான். பத்திரத்தில் எழுதியிருப்பது இன்னதென்று புரிந்துகொண்டு, அதனால் தமக்கு நன்மையா தீமையா என்று சீர்தூக்கிப் பார்க்கும் சக்தி உள்ளவரையே சித்த சுவாதீனம் உள்ளவர் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்லுகிறது. அந்தச் சக்தியில்லாதவரிடம் வாங்கும் ரேகை வெறும் மைக்கறைதான். மேலும், முதுமையினாலோ வியாதியினாலோ மனோசக்தி குன்றியவரிடம் ஒருவர் பத்திரம் எழுதி வாங்கினால், அவரை ஆட்டி வைக்கும் நிலையில் இருந்தவராகவே எழுதி வாங்கியவரைச் சட்டம் கருதும் என்று 16-வது பிரிவில் கண்டிருக்கிறது. கோர்ட்டுக்கு வந்தால், வற்புறுத்தவில்லை என்று நிரூபிக்கும் பாரம் வாங்கியவர் தலையில் விழக்கூடும்.

கடைசியில் மதுரையிலுள்ள ஐகோர்ட்டுக் கிளைக்குத்தான் போனார்கள். தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பிரஜைக்குத் தாய் தந்தையின் ஸ்தானத்தில் நின்று காக்கும் கடமை ராஜ்யத்துக்கு உண்டு என்பது பழைய கொள்கை. சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில், அரசியல் சாசனத்தின் 226-வது ஷரத்தின்படி ஐகோர்ட்டுகள் இந்தக் கொள்கையைக் கொண்டு பாதுகாவலரை நியமித்து வருகின்றன. நினைவிழந்து கிடப்பவர்களுக்குப் பாதுகாவலரை நியமிப்பதற்கான முறைகளைக் கேரள ஐகோர்ட்டு 2019-ல் வகுத்துக் கொடுத்தது. 2024-ல் சென்னை ஐகோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் அடங்கிய பெஞ்ச், நினைவிழந்து படுத்திருந்த ஒருவருடைய மனைவியையே அவருக்குப் பாதுகாவலராக நியமித்து, குடும்பச் செலவுக்காக அவருடைய சொத்தை விற்கவும் அனுமதித்தது. அந்த அம்மாளை ஸிவில் கோர்ட்டுக்குப் போகும்படி தனி நீதிபதி அனுப்பியிருந்தார். அப்பீலில்தான் இந்த நிவாரணம் கிடைத்தது. மறதி நோய் முற்றியவர்களுக்கும் இதே வழியில் பல ஐகோர்ட்டுகள் உத்தரவு பிறப்பித்திருக்கின்றன.

வாத்தியார் குடும்பத்துக்கும் உத்தரவு கிடைத்தது. எட்டு மாதங்களுக்குப் பிறகு. அதற்குள் மகளின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போய்விட்டன. உத்தரவு வந்தபோது வாத்தியார் படுக்கையை விட்டு எழும் நிலையில் இல்லை.

வாசகர்கள் கேட்கலாம்: "முன்பே உயில் எழுதி வைத்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்குமா?" வந்துதான் இருக்கும். வாத்தியார் உயிலும் எழுதித்தான் வைத்திருந்தார். மரண சாஸனம் என்று அதற்குப் பழைய பெயர்; பெயருக்கேற்ப அது மரணத்துக்குப் பிறகே கண் விழிக்கிறது. நாமினியும் அப்படித்தான். 2025 நவம்பர் முதல் ஒரு பாங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகக் குறிக்கலாம் என்று விதி வந்திருக்கிறது. நால்வர் ஆனாலும் ஒருவர் ஆனாலும், கணக்குக்குரியவர் உயிரோடு இருக்கும் வரை அவர்களுக்கு ஓர் உரிமையும் இல்லை. இறந்த பிறகு என்ன ஆக வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் நூறு வாசல்கள் திறந்திருக்கின்றன. மதி போய், உயிர் இருக்கிற அந்த இடைக்காலத்துக்கு, அது ஐந்து வருஷமோ பத்து வருஷமோ, ஒழுங்கான வாசல் ஒன்றுகூட இல்லை. நாமாக முன்கூட்டி ஜன்னல்களைத் திறந்து வைத்தால்தான் உண்டு.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் நம் வீட்டில் நாம் என்ன செய்தோம்? ஒரு வருஷம் ஒன்றும் செய்யவில்லை. நம் தகப்பனாருக்கு எழுபத்தொன்பது வயது. தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். சாவியை வைத்த இடம் தெரியாமல் தேடுவது அதிகமாயிற்று. ஒரு நாள் மாலையில் நம் தங்கை எப்போது வருகிறாள் என்று மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை பதில் சொல்லும்போது நம் தாயார் நம் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் "அப்பா, உங்களுக்குப் புத்தி தெளிவாக இருக்கும்போதே..." என்று எந்த மகன் வாயைத் திறப்பான்? அபசகுனம் என்ற பயம் ஒரு புறம்; சொத்துக்கு அலைகிறான் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம் மறு புறம். பள்ளிக்கூடத்தில் நாற்பது பையன்களுக்கு முன் மணிக்கணக்காகப் பேசுகிறவருக்கு வீட்டுத் திண்ணையில் நாக்கு எழவில்லை.

முடிவில் அவரே ஆரம்பித்தார். வாத்தியார் காலமான செய்தி கேட்டு, துக்கம் விசாரித்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாபநாசம் தாண்டியதும், "தம்பி, எனக்கும் அப்படி ஆகும் என்றுதானே ஒரு வருஷமாய் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் இருக்கிறாய்?" என்றார். நாம் பதில் சொல்லவில்லை. "தபாலாபீஸில் முப்பத்தாறு வருஷம் இருந்தவனுக்கு விலாசம் தெரியாத கடிதம் என்ன ஆகும் என்று தெரியாதா? வக்கீலிடம் எப்போது போகலாம் சொல்" என்றார்.

முதலில் வக்கீலிடம் போகவில்லை, டாக்டரிடம் போனோம். இந்த வரிசை முக்கியமானது. டாக்டர் அவரைக் கடியாரம் ஒன்று வரையச் சொன்னார். சில சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்லும்படி கேட்டார். வீடு யார் பெயரில் இருக்கிறது, பிள்ளைகள் எத்தனை பேர், யாருக்கு என்ன கொடுக்க விரும்புகிறார் என்று பேச்சு வாக்கில் விசாரித்தார். நோயின் ஆரம்பம் இருக்கலாம் என்றார். ஆனால் நோய் இருப்பது வேறு, தீர்மானிக்கும் சக்தி போய்விடுவது வேறு என்று விளக்கினார். கடைக் கணக்கில் தடுமாறுகிறவர், தம் வீடு யாருக்கு என்பதைத் தெளிவாகச் சொல்லக் கூடும். காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் குழம்பக் கூடும். சட்டமும் இதை ஒப்புக்கொள்ளுகிறது. 1925-ம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டத்தின் 59-வது பிரிவின் கீழ் ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். உடல் தளர்ந்து பலஹீனமாகக் கிடக்கும் ஒருவர், தம் சொத்தை எப்படிப் பகிர வேண்டும் என்று நிதானிக்கும் சக்தியோடு உயில் எழுதினால் அது செல்லும் என்பது அதன் ஸாரம். சட்டப் புஸ்தகங்களில் நமக்குப் பிடித்த பகுதி இந்த உதாரணங்கள்தாம். எழுதினவர் எவரோ, நல்ல உபாத்தியாயராக இருந்திருக்க வேண்டும்.

வக்கீல் வீட்டில் நடந்த முதல் காரியம், நம்மை வெளியே அனுப்பியதுதான். "நீங்கள் பலன் பெறப் போகிறவர். உள்ளே இருக்கக் கூடாது" என்றார். நமக்குச் சுருக்கென்றது. பிறகு காரணம் சொன்னார். உயிலினால் லாபம் அடைகிறவரே முன் நின்று அதை எழுத வைத்தால் அது ஒரு சந்தேகமான சூழ்நிலை. அந்தச் சந்தேகத்தைப் போக்குவது அவருடைய பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 1958-லேயே சொல்லியிருக்கிறதாம். நாமும் தங்கையும் தாழ்வாரத்துப் பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து நம் தகப்பனார் சிரிக்கும் சப்தம் இரண்டு முறை கேட்டது.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் அவசியம். ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமில்லை, ஆயினும் செய்தோம். அன்று காலையிலேயே டாக்டர் பார்த்து அவர் தெளிவாக இருப்பதாகச் சான்று எழுதிக் கொடுத்தார்; அதை உயிலுடன் சேர்த்து வைத்தோம். வீடு நம் தாயாருக்கு ஆயுள் வரையில் அனுபவம், பிறகு பிள்ளைகள் இருவருக்கும் சமம் என்று எழுதியிருந்தார்.

"வீட்டை இப்போதே பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதி வைத்துவிடுங்களேன், உயில் எதற்கு?" என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். இதைப் பலரும் சொல்லுவதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. உயிலை உயிருள்ளவரை, தெளிவு உள்ளவரை, மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் சொத்து அன்றே கை மாறிவிடும். பிள்ளைகள் கைவிட்டுவிட்டால் கதி என்ன? பெற்றோர், முதியோர் பராமரிப்புக்காக 2007-ல் வந்த சட்டத்தின் 23-வது பிரிவு இதற்கு ஒரு பரிகாரம் வைத்திருக்கிறது: தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பெற்றவர் பராமரிக்காவிட்டால், தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். நம் ராஜ்யத்தில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். அந்த நிபந்தனை இருந்ததாகக் காட்டினால்தான் பரிகாரம் கிடைக்கும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022-ல் தீர்ப்புச் சொல்லியது. 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு, முதியோரைக் காக்கவே வந்த இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. எழுதித்தான் தீர வேண்டும் என்கிறவர்கள், "உணவு, உடை, இருப்பிடம், வைத்தியம் இவற்றை அளித்துப் பராமரிக்க வேண்டும்" என்ற வாசகத்தைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். "நம் பிள்ளையிடம் நிபந்தனையா?" என்று வெட்கப்படுகிற பெற்றோர்தாம் பின்னால் கோட்டாட்சியர் ஆபீஸ் வராந்தாவில் நிற்கிறார்கள். நம் தகப்பனார் செட்டில்மெண்டுக்கு இணங்கவில்லை. "என் வீட்டில் நான் விருந்தாளி ஆக மாட்டேன்" என்றார். அவர் செய்தது சரி என்பதே நம் அபிப்பிராயம்.

அடுத்தது பாங்கி. அவருடைய தனிக் கணக்கை, நம் தாயாரைச் சேர்த்து, இருவரில் எவர் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றினோம். இதிலும் நுட்பங்கள் உண்டு. கூட்டு டிபாஸிட்டைத் தவணை முடிந்த பின் ஒருவரே வாங்கலாம். தவணைக்கு முன் உடைப்பதற்கு இருவர் கையொப்பமும் வேண்டியிருக்கலாம். ஆகவே, ஒரே பெரிய டிபாஸிட்டாகப் போடாமல், சிறிதாகப் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் தவணை முடியும்படி போட்டோம். கணக்குதாரரில் ஒருவர் மதி இழந்தது பாங்கிக்கு முறைப்படி தெரிய வந்தால் கணக்கையே நிறுத்தி வைப்பதும் உண்டு. எனவே, தாயார் பெயரில் மட்டும் உள்ள கணக்கொன்றில் ஒரு வருஷச் செலவுக்கு வேண்டிய பணம் இருக்கும்படி செய்தோம். கை நடுங்கிக் கையொப்பமிட முடியாதவர்களுக்கு ரிஸர்வ் பாங்கியின் விதிகளில் வழி இருக்கிறது. கட்டை விரல் ரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகையோ போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள பாங்கி உத்தியோகஸ்தராக இருக்க வேண்டும். ஆனால் இது உடல் தளர்ந்து உள்ளம் தெளிந்தவர்களுக்கே.

இப்போதெல்லாம் பல வீடுகளில் தகப்பனாரின் கைபேசியும் அதன் ரகசிய எண்ணும் மகன் கையில் இருப்பதால் பணம் தடையின்றி வந்துகொண்டிருக்கிறது. யாரும் கேட்காத வரையில் ஓடும். உடன் பிறந்தார் ஒருவர் கணக்குக் கேட்டால் அன்றைக்குத் தெரியும் அதன் பலம்.

அதிகாரப் பத்திரமும் ஒன்று எழுதினோம். உபயோகமில்லை என்று மேலே சொல்லிவிட்டு இது என்ன என்பீர்கள். காலொடிந்து படுத்தால், கண் மங்கினால், புத்தி தெளிவாக இருக்கும் வரையில் அது உதவும். எந்த நாளோடு அது முடிகிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டிருந்தால் போதும். தோப்பும் கட்டிடமுமாக நிறையச் சொத்துள்ளவர்கள், 1882-ம் வருஷத்து டிரஸ்டுச் சட்டத்தின் கீழ் ரிஜிஸ்தர் பத்திரத்தின் மூலம் சொத்தைத் தர்மகர்த்தாக்களிடம் ஒப்படைத்து, தம்மையே முதல் பயனாளியாக வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் மதி இழந்தாலும் தர்மகர்த்தாவின் அதிகாரம் ஒழியாது. இன்றுள்ள சட்டத்தில் நிலைத்து நிற்கக் கூடிய ஏற்பாடு இதுதான். ஒரு வீடும் பென்ஷனும் உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய சட்டை.

பணத்தைப் போலவே உடம்பும் இருக்கிறது. 2017-ம் வருஷச் சட்டத்தில் நமக்குப் பயன்படும் ஏற்பாடு ஒன்று உண்டு. மனநோய்க்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று வயது வந்த எவரும் முன்கூட்டி எழுதி வைக்கலாம். தமக்காகப் பேசுவதற்கு ஒரு பிரதிநிதியையும் நியமிக்கலாம். பிரதிநிதியை நியமிக்க வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமோ ரேகையோ வைத்தால் போதும். ஞாபக சக்தி பெரிதும் கெடுவதையும் அச்சட்டம் மனநோய் என்ற சொல்லில் அடக்குகிறது. நம் தகப்பனார் தம் பிரதிநிதியாக நம்மை எழுதவில்லை, தங்கையை எழுதினார். "நீ டாக்டர் எது சொன்னாலும் தலையை ஆட்டுவாய். அவள் இரண்டு கேள்வி கேட்பாள்" என்றார். பிழைக்க வழியில்லாத நிலையில் யந்திரங்களைக் கொண்டு உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று எழுதி வைக்கும் பத்திரத்தைச் சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் அங்கீகரித்தது. அப்போது மாஜிஸ்டிரேட்டின் கையொப்பம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளுக்கு முன் எழுதி, நோட்டரியோ கெஜட்டில் பதிவு பெற்ற அதிகாரியோ அத்தாட்சி செய்தால் போதும் என்றார்கள். இந்த ஒரு தாளை மட்டும் நம் தாயார் படிக்க மறுத்துவிட்டார். தகப்பனாரும் வற்புறுத்தவில்லை. அது தனி உறையில் இருக்கிறது.

ஒரு நோட்டுப் புஸ்தகமும் உண்டு. எந்தப் பாங்கி, எந்த இன்ஷூரன்ஸ், வீட்டு வரி ரசீது எங்கே, யாருக்குக் கொடுக்க வேண்டிய கடன், யார் தர வேண்டிய கடன் எல்லாவற்றையும் தம் கையெழுத்திலேயே எழுதினார். எழுதி முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. நடுவில் ஒரு பக்கத்தில், 1983-ல் ஒரு சிநேகிதரிடம் வாங்கி இன்னும் திருப்பிக் கொடுக்காத நாற்பது ரூபாயும் இருந்தது. அந்தச் சிநேகிதரின் மகன் மாயவரத்தில் இருப்பதாக விசாரித்து அறிந்து, நாமே போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினார்.

ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போன அன்று நம் தகப்பனார் காலையிலேயே வேஷ்டி உடுத்தித் தயாராக இருந்தார். உயிலை முதலிலிருந்து கடைசி வரை மூக்குக் கண்ணாடியோடு படித்தார். டைப்படித்தவர் "பாத்தியதை" என்பதில் ஓர் எழுத்தை விட்டிருந்தார். அதைச் சுட்டிக் காட்டித் திருத்தச் சொன்னார். வேறு தாள் அடித்துக்கொண்டு வர ஒரு மணி நேரமாயிற்று. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. சென்ற வாரம் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, "தம்பி, வக்கீலிடம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, எப்போது போகலாம்?" என்று கேட்டார். போய் வந்தாயிற்று, எல்லாம் எழுதியாயிற்று என்றோம். "அப்படியா, நான் படித்துப் பார்த்தேனா?" என்றார். பார்த்தீர்கள், ஒரு பிழையும் திருத்தினீர்கள் என்றோம். "அது சரி" என்று சொல்லிவிட்டு மோர் போடச் சொன்னார்.